பக்கத்தில் யார் இருக்கிறார்கள்?

நம் மையத்தில் இந்த வருடம் ஜெர்மன் கற்பிக்கச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவருக்கும் என் அனுபவத்தைப் பத்துப் பாயிண்ட்டில் எழுதித் தரும்படி நிர்வாகி கேட்டிருந்தார். பத்துப் பாயிண்ட்டில் அடங்குகிற விஷயமாக இருந்தால் ஒன்பது வருடம் நான் தொண்டை வறளக் கத்தியிருக்க வேண்டியதில்லை. இலக்கணம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் பெங்களூரில் ஜெர்மன் இயந்திரங்களை வரவழைத்து விற்ற ஒரு கம்பெனியில் கடிதம் தட்டச்சு செய்தே அந்த மொழியைக் கற்றவள். அதனால் நான் சொதப்பிய ஒரு விஷயத்தை மட்டும் எழுதுகிறேன். படிக்கும்போது என்னைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள்.

நம்மிடம் வருகிறவர்கள் நர்ஸிங் முடித்த பிள்ளைகள். ஜெர்மனியில் முதியோர் இல்லங்களில் வேலை தேடுகிறவர்கள். மொழியோடு சேர்த்து அந்த ஊர் நடைமுறையையும் சொல்லித்தர வேண்டும். போர்டில் ‘சாஃப்ட் ஸ்கில்’ என்று எழுதுவோம். அதில் நேரம் தவறாமை என்று ஒரு பாடம் உண்டு. நான் அதை நடத்தவே மாட்டேன். விடிவதற்கு முன் மாரிகுப்பத்தில் ரயிலைப் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகளுக்கு நேரத்தைப் பற்றி நாம் என்ன சொல்லித்தருவது? கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும் என்று ஒரு பாடம் நடத்தினேன். ஒருவன் இண்டர்வியூவில் இமைக்காமல் முறைத்து, அந்தப் பக்கம் இருந்தவர் “நான் ஏதாவது தவறாகக் கேட்டுவிட்டேனா?” என்று கேட்கும்படி ஆயிற்று. இதெல்லாம் ஒரு வாரத்தில் திருத்திவிடக்கூடிய தப்புகள்.

யசோதரா, தங்கச் சுரங்கத் தொழிலாளர் வீடுகள் வரிசைவரிசையாக இருக்கும் சாம்பியன் ரீப்ஸில் எங்கள் லைனுக்கு அடுத்த லைன் வீட்டுப் பெண். அப்பா நெஞ்சு நோயில் இறந்துவிட்டார். அம்மா ஐம்பதைத் தாண்டியும் தினமும் ரயிலேறி, பெங்களூரில் ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்த்துவந்தார். முட்டிவலி வேறு. எதற்காக ஜெர்மன் படிக்கிறாய் என்று முதல் நாள் எல்லோரையும் கேட்பேன். மற்றவர்கள் எதிர்காலம், லட்சியம் என்று ஏதேதோ சொன்னார்கள். இவள், “எங்கம்மாவ அந்த ரயில்ல இருந்து இறக்கணும் மிஸ்” என்றாள். அந்த ஒரே நோக்கத்தோடு படித்தாள். தேர்வில் அவள் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே வேறு யாரும் வாங்கியதில்லை.

அவளுடைய இண்டர்வியூ ராபர்ட்சன்பேட்டையில் நம் மாடி அறையில், கம்ப்யூட்டர் வழியாக நடந்தது. ஜெர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தின் தலைமை நர்ஸ் மறுமுனையில் இருந்தார். நரைத்த முடி, கறாரான முகம். அறையில் விண்ணப்பதாரரைத் தவிர யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. நான் கேமராவில் படாமல் கதவோரமாக உட்கார்ந்திருந்தேன். யசோதராவுக்குத் தைரியமாக இருக்கட்டும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் என் மாணவி ஜெயிப்பதைப் பார்க்க எனக்கு ஆசை. மைக்கில் சத்தம் விழும் என்று ஃபேனை வேறு நிறுத்தியிருந்தோம். இரண்டு பேருக்கும் வியர்த்துக் கொட்டியது.

அரை மணி நேரம் அருமையாகப் போனது. கடைசியில் அந்த அம்மையார் சொன்னார்: “இப்போது ஒரு சூழ்நிலை. உங்கள் பராமரிப்பில் இருந்த ஒரு முதியவர் ஒரு மணி நேரம் முன்பு இறந்துவிட்டார். அவருடைய மகள் வேறு ஊரில் இருக்கிறாள். நீங்கள் அவளுக்கு போன் செய்கிறீர்கள். நான்தான் அந்த மகள்.”

யசோதரா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. சுத்தமான ஜெர்மனில் சொன்னாள்: “வணக்கம். உங்கள் அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் மோசமாக இருக்கிறது. உடனே கிளம்பி வர முடியுமா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“என்ன ஆயிற்று? உயிரோடு இருக்கிறாரா?” என்று கேட்டார் ‘மகள்’.

“டாக்டர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் வாருங்கள்.”

“நான் கேட்டது அதுவல்ல. என் அப்பா உயிரோடு இருக்கிறாரா?”

யசோதரா உதட்டை ஈரப்படுத்திக்கொண்டாள். “பதற்றப்படாமல் வாருங்கள்” என்றாள். அந்த அம்மையார் பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வருட உழைப்பு என் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

“உண்மையைச் சொல்லுடி!” என்று தமிழில் கத்திவிட்டேன்.

“அறையில் யார் இருக்கிறார்கள்?” என்று கேட்டது கம்ப்யூட்டர்.

மூன்றாம் நாள் கடிதம் வந்தது. இரண்டே காரணங்கள். அறையில் வெளியாள் இருந்தார். விண்ணப்பதாரர் உறவினரிடம் உண்மைக்கு மாறாகச் சொன்னார். ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை, கடைசியாக, விண்ணப்பிக்கலாம். யசோதரா அதை இரண்டு தடவை படித்தாள்.

“நீங்க சும்மா இருந்திருந்தா நான் சமாளிச்சிருப்பேன் மிஸ்” என்றாள்.

“இன்னாத்த சமாளிச்சிருப்ப? வாய் கூசாம பொய் சொல்லிகினு இருந்த!”

மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டியவள் நான். கேட்கவில்லை. என் கோபம் அப்படிப்பட்டது. உங்களுக்கும் இந்த மாதிரிக் கோபம் இருந்தால் இப்போதே கவனித்துக்கொள்ளுங்கள்.

அவளும் விடவில்லை. “அது பொய் இல்ல மிஸ். நம்ம ஊர்ல அப்பிடித்தானே சொல்லுவாங்க? ‘அப்பா செத்துட்டாரு’ன்னு போன்ல சொல்லிட்டா அந்தப் பொண்ணு எப்பிடி ரயில் ஏறும்? தனியா ஒக்காந்து வருமே, அத்த யாரு பாத்துக்குவாங்க?”

அவள் கேட்டது நியாயமான கேள்வி. அது அன்று என் காதில் ஏறாததற்கு ஒரு காரணம் இருந்தது. நான் ஐந்தாவது படிக்கும்போது என் அப்பா சுரங்கத்துக்குள் பாறை சரிந்து இறந்தார். ஆபீஸிலிருந்து வந்த ஆள் வாசலில் நின்று, “அடிபட்டிருக்காரு, ஆஸ்பத்திரிக்கு வாங்கம்மா” என்றுதான் சொன்னார். அம்மா கஞ்சியைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு ஓடினாள். பசியோடு இருப்பார் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். இறந்துபோன மனிதருக்கு அம்மா கஞ்சி கொண்டுபோன அந்தக் காட்சிக்காக, அந்த ஆளை நான் இன்றுவரை மன்னித்ததில்லை. யசோதராவின் வாயிலிருந்து அதே வார்த்தைகள் வந்ததும் என் புத்தி அங்கே போய் நின்றுவிட்டது. நம் ஊர் வழக்கம் மொத்தமும் தப்பு, ஜெர்மன்காரர்கள் செய்வதுதான் சரி என்று முடிவுகட்டினேன்.

அன்றிலிருந்து பயிற்சி. என் பெயர் இது, இங்கிருந்து பேசுகிறேன். உங்கள் பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? உட்காருங்கள். பிறகு விஷயத்தை நேராகச் சொல்ல வேண்டும். சுற்றி வளைக்கக் கூடாது. சொன்ன பிறகு வாயை மூடிக்கொண்டு லைனிலேயே இருக்க வேண்டும். இதை நான்தான் எழுதிக் கொடுத்தேன். ஜெர்மனில் ஒரே வாரத்தில் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடாகிவிட்டது. அது எனக்குத் திருப்தி தரவில்லை. “இப்ப தமிழ்ல சொல்லு” என்றேன். தன் மொழியில் சொல்ல முடியாததை அந்நிய மொழியில் சொல்வது வெறும் மனப்பாடம் என்பது என் கட்சி.

பயிற்சிக்கு உறவினராக நடிக்க என் வீட்டுக்காரரைப் பிடித்தேன். ஜெர்மனை ‘இருமல் பாஷை’ என்று கேலி செய்கிற மனிதர். எதிரே உட்கார்ந்து பழைய போனைக் காதில் வைத்துக்கொண்டு, “அலோ, யாருங்க?” என்பார். யசோதரா பெயரைச் சொல்வாள், பக்கத்தில் யார் என்று கேட்பாள், உட்காரச் சொல்வாள். அதற்கு மேல் நாக்கு எழும்பாது.

“தமிழ்ல ஆகல்லா மிஸ். ஜெர்மன்ல சொன்னா யாரோ சொல்ற மாதிரி இருக்குது. தமிழ்ல சொன்னா நானே கொன்ன மாதிரி இருக்குது.”

அவசரத்தில் ‘முடியாது’ என்பது அவளுக்குக் கன்னடத்தில் வந்துவிடும். “ஆகல்லா எல்லாம் இங்க ஆகாது. சொல்லு” என்பேன் நான்.

“விடுடி, பாவம். கொழந்த காபி குடிக்கட்டும்” என்று அவர் போனை வைத்துவிடுவார். அவர் எழுந்துபோனதும் அவள் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். நான் சிரிக்க மாட்டேன்.

இதற்கிடையில் யசோதரா பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். இரண்டாவது இண்டர்வியூவுக்கு இரண்டு வாரம் இருந்தபோது என் வீட்டுக்காரருக்கு நிமோனியா வந்து, அவள் ஏற்பாட்டில் அங்கேயே சேர்த்தோம். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான்கு நாள் வெளியே நாற்காலியிலேயே கிடந்தேன். நான்காம் நாள் காய்ச்சல் இறங்கியது. திங்கட்கிழமை சாதாரண வார்டுக்கு மாற்றுவோம், இனி ரசம் மாதிரி ஏதாவது கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்து, போனைக் காதில் வைப்பது போல அவர் சைகை காட்டினார். ‘அலோ, யாருங்க?’ என்று நடிக்கிறாராம்.

“நான் பாத்துக்கறேன் மிஸ். நீங்க வீட்டுக்குப் போயி குளிச்சிட்டு, கொஞ்சம் படுத்து எழுந்து நாளைக்கு வாங்க” என்று யசோதரா என்னைச் சனிக்கிழமை சாயங்கால ரயிலுக்கு அனுப்பிவைத்தாள்.

மறுநாள் ஞாயிறு. காலை பத்து மணி இருக்கும். அடுப்பில் மிளகு ரசம் நுரைகட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஃப்ளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தேன். வெளிகேட் திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் யசோதராவின் அம்மா. வேகமாக நடந்து வந்திருக்க வேண்டும், மூச்சு வாங்கியது. காலில் செருப்பில்லை.

“இன்னாம்மா, இந்நேரத்துல?” என்றேன்.

அவர் நேராகச் சமையலறைக்கு வந்து அடுப்பை அணைத்தார். ரசச் சட்டியை இறக்கி ஓரமாக வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். கையில் மடக்கிப் பிடித்திருந்த போனில் ஏதோ அழுத்தினார்.

அடுத்த நிமிடம் என் போன் அடித்தது.

“மிஸ், நான் யசோதரா பேசறேன். ஆஸ்பத்திரியில இருந்து.” குரல் சீராக இருந்தது. “உங்க பக்கத்துல யாரு இருக்காங்க?”

அந்த வாக்கியத்தை அவளுக்கு எழுதிக் கொடுத்தவள் நான். அடுத்து என்ன வரும், அதற்கடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். போனை வைத்துவிடலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். வைத்துவிட்டால் அவள் சொல்ல முடியாது. சொல்லாதவரை ஒன்றும் ஆகவில்லை.

“உங்கம்மா இருக்காங்க” என்றேன்.

“ஒக்காருங்க மிஸ்.”

யசோதராவின் அம்மா முக்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். உட்கார்ந்தேன்.

“சாருக்கு ஒம்போது மணிக்குத் திடீர்னு இதயம் நின்னுட்டுது. நாங்க எல்லாம் செஞ்சி பாத்தோம். சார் இறந்துட்டாரு மிஸ். நான் பக்கத்துலயே இருந்தேன்.”

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. போனையும் வைக்கவில்லை. அவள் மூச்சு மட்டும் கேட்டது. ஒரு தரம் அது தடுமாறியது; உடனே பிடித்துக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம் என்று எனக்குத் தெரியாது. நான் அழத் தொடங்கியபோது யசோதராவின் அம்மா என் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு அது ஞாபகம் வந்தது. ஐம்பது வருடத்துக்கு மேல் எங்கே போயிருந்ததோ தெரியவில்லை. ஆபீஸ் ஆள் எங்கள் வாசலுக்கு வருவதற்கு முன்பே பக்கத்து வீட்டு அம்மா உள்ளே வந்துவிட்டார். அடுப்பிலிருந்து சோற்றுப் பானையை இறக்கியதும் அவர்தான். ஆஸ்பத்திரிவரை என் அம்மாவின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டே வந்ததும் அவர்தான். நான் கஞ்சித் தூக்கு இருந்த கையை மட்டும் இத்தனை காலம் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். நம் ஊர் வழக்கத்தில் பொய் ஒரு பாதி. முன்னதாக ஆள் அனுப்புவது இன்னொரு பாதி. நான் பொய்யைத் திட்டுகிற வேகத்தில் அந்த இன்னொரு பாதியையும் சேர்த்துத் துடைத்துவிட்டுத்தான் பாடம் நடத்தியிருக்கிறேன். யசோதரா அதைக் கையோடு எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் அம்மா பிறகு சொன்னார். மகள் போனில் ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்: “மிஸ் வீட்டுக்குப் போயி அவங்க கூட இரும்மா. எதையும் கேக்காத. போனதும் எனக்கு ஒரு மிஸ்டு கால் குடு.” நோயாளியின் விஷயத்தை வெளியாரிடம் சொல்லக் கூடாது என்ற மருத்துவமனை விதியையும் அவள் மீறவில்லை. அந்தம்மாவுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவும் இல்லை. அன்று அவள் என்னிடம் ‘கொஞ்சம் சீரியஸ், வாங்க’ என்று சொல்லியிருந்தால் நான் ஃப்ளாஸ்க்கில் ரசத்தோடு மாரிகுப்பம் ரயிலில் உட்கார்ந்திருப்பேன். நான் எழுதிக் கொடுத்தபடி மட்டுமே செய்திருந்தால், பக்கத்தில் யார் என்ற கேள்விக்கு நான் ‘யாரும் இல்லை’ என்று சொல்லியிருப்பேன்.

இண்டர்வியூ அவர் இறந்த பதினோராம் நாள் வந்தது. போக மாட்டேன் என்றாள்.

“நா அத்த மறுபடி சொல்ல மாட்டேன் மிஸ். அவங்க கேப்பாங்க. எனக்கு சார் முகம்தான் வரும்.”

“வரட்டும். உங்கம்மா ரயில்ல இருந்து இறங்க வேணாமா?” என்றேன். போன தடவை நான் கத்தியதற்கும் அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன். அவள் தலையை வாரிக்கொண்டு வந்தாள்.

இந்த முறை நான் அறைக்குள் போகவில்லை. வெளியே படிக்கட்டில் உட்கார்ந்தேன். கதவுக்கு மேலே இருந்த சின்ன ஜன்னல் வழியாகக் குரல்கள் கேட்டன. அதே தலைமை நர்ஸ். கடைசியில் அதே கேள்வி. முதியவர் இறந்துவிட்டார், மகளுக்கு போன் செய்யுங்கள்.

“நான் உடனே மகளுக்கு போன் செய்ய மாட்டேன்” என்றாள் யசோதரா.

“பின்னே?”

“அவருடைய விவரத்தாளில் வேறு யார் பெயர் இருக்கிறது என்று பார்ப்பேன். மகளுடைய...” ஒரு வார்த்தை வரவில்லை. அது எனக்குத் தெரிந்த வார்த்தை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டேன். “மகள் பக்கத்தில் குடியிருக்கிற ஒருவரைக் கூப்பிடுவேன்” என்று அவளே வேறு வழியில் சொல்லிவிட்டாள்.

“நோயாளியின் விஷயத்தை வெளியாரிடம் சொல்வீர்களா? அதற்கு இங்கே அனுமதி கிடையாது.” குரல் கறாராகிவிட்டது.

“சொல்ல மாட்டேன். அவளோடு போய் இருங்கள், எதையும் கேட்காதீர்கள் என்று மட்டும் சொல்வேன். அவர் போய்ச் சேர்ந்தது தெரிந்த பிறகு மகளுக்கு போன் செய்வேன். அப்பா இறந்துவிட்டார் என்று நேராகச் சொல்வேன்.”

“அனுப்ப யாருமே இல்லையென்றால்?”

“அப்போதும் நேராகத்தான் சொல்வேன். அவள் போனை வைக்கும்வரை நான் வைக்க மாட்டேன்.”

கீழே தெருவில் ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன். போயிற்று, இந்த முறையும் போயிற்று.

“இதை எங்கே கற்றுக்கொண்டீர்கள்?” என்று கேட்டார் அந்த அம்மையார்.

“பாதி என் டீச்சரிடம். பாதி எங்கள் ஊரில்.”

பிறகு பேனா மூடியைத் திறக்கிற மாதிரி ஒரு சின்னச் சத்தம் மைக்கில் விழுந்தது.

“இன்னொரு முறை, கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்” என்றார். “நான் எழுதிக்கொள்கிறேன்.”

யசோதரா முதலிலிருந்து தொடங்கினாள். நான் புடவைத் தலைப்பை வாயிலிருந்து எடுக்கவே இல்லை.